ஜிகர்தண்டாவுக்கு நிற்கிறவர்கள் பிரியாணிக்கு ஏன் நிற்பதில்லை?

கேள்வி இது: மதுரை அண்ணா நகரில் பார்சல் பிரியாணிக் கடை. ஞாயிறு மட்டும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை முப்பது பேர் வரை வரிசை கட்டுகிறார்கள். பத்து நிமிடத்துக்குள் முணுமுணுப்பு தொடங்குகிறது, சிலர் பாதியில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், வாரம் ஒரு சண்டை. இதே ஆட்கள் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவுக்கு வெயிலில் நிற்கிறார்கள். அப்படியானால் மக்களை வரிசையில் நிற்க வைப்பது எது? நாற்காலி போட்டால் சரியாகுமா?

வரிசையில் நமக்கு வரும் வாய்ப்புக்கும் நியாயத்துக்கும் தமிழில் ஒரே சொல்தான்: முறை. "என் முறை வந்துருச்சு" என்கிறோம், "முறைகெட்ட வேலை" என்று திட்டுகிறோம், அநியாயம் நடந்தால் முறையிடுகிறோம். தன் முறையை யாரும் பறிக்கமாட்டார்கள், முறை வரும்போது சரக்கு தீர்ந்திருக்காது என்ற இரண்டு நம்பிக்கையும் இருந்தால் மனிதர்கள் அரைமணி நேரம்கூட நிற்பார்கள். அதில் ஒன்று ஆட்டம் கண்டால் ஐந்து நிமிடமே அதிகம். உங்கள் கடையில் இரண்டுமே ஆடுகின்றன என்று நினைக்கிறேன். அதற்குப் போகும் முன் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மற்றதைச் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

வரிசையின் நீளத்தை விட்டுவிட்டு அது நகரும் வேகத்தைப் பாருங்கள். ஜிகர்தண்டாக் கடையில் வருகிறவர் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒரு எண் மட்டும்: ரெண்டு, நாலு. பாதாம் பிசின் முந்தின இரவே ஊறிவிட்டது. பால் சுண்டக் காய்ச்சி ஆறிக் குளிர்ந்திருக்கிறது. நன்னாரி சர்பத் பாட்டிலில் தயார். சமையலெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, வரிசையின் முன்னால் நடப்பது அடுக்கு வேலை மட்டும்: பிசின், சர்பத், பால், மேலே ஐஸ்கிரீம். டம்ளருக்கு 20 விநாடி என்று வைத்தால், ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கும் இருபது பேர் முன்னால் நின்றாலும் ஏழு நிமிடத்துக்குள் கைக்கு வந்துவிடும். இருபது விநாடிக்கு ஒருமுறை கால் ஓரடி நகர்ந்துகொண்டே இருக்கும். கால் நகர்கிறவரை மனம் கடிகாரம் பார்ப்பதில்லை.

பார்சல் பிரியாணி அப்படி இல்லை. மட்டனா சிக்கனா, அரையா முழுசா, முட்டை உண்டா, குஸ்கா கிடைக்குமா என்ற பேச்சு 20 விநாடி. தேக்சாவிலிருந்து அள்ளி, பீஸ் பார்த்து வைத்து, பொட்டலம் கட்ட 35. ரைத்தா பாக்கெட்டையும் சால்னா பாக்கெட்டையும் தேடிக் கவரில் போட 15. ஜிபே அடித்து, சவுண்ட் பாக்ஸ் பேசும்வரை பார்த்து நிற்க 20. மொத்தம் 90 விநாடி. அதே இருபது பேர் நின்றால் கடைசி ஆளுக்கு அரைமணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நீள வரிசை. நிற்பவருக்கு ஒன்று ஊர்வலம், இன்னொன்று லெவல் கிராசிங். (இந்த விநாடிகள் என் உத்தேசம். இந்த ஞாயிறு கடைப் பையன் ஒருவனிடம் மொபைல் ஸ்டாப்வாட்ச் கொடுத்து இருபது பேரைத் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். முதலாளி அளக்கக் கூடாது. முதலாளி பக்கத்தில் நின்றால் எல்லாரும் அன்றைக்கு வேகமாக வேலை பார்ப்பார்கள்.)

ஒரு ஆளுக்கு 90 விநாடி என்றால் மணிக்கு 40 பேரை அனுப்பலாம். மணிக்கு 32 பேர் வந்தால் என்ன ஆகும்? எட்டுப் பேருக்கான இடம் மிச்சம் இருக்கிறதே, வரிசையே இருக்காது என்று தோன்றும். அப்படி இல்லை. ஆட்கள் சீராக வருவதில்லை, மூன்று பேர் ஒரே பைக்கில் வந்து இறங்குவார்கள், அடுத்த ஐந்து நிமிடம் யாருமே வரமாட்டார்கள். கட்டும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க்காரர் 1909-இல் தொடங்கி வைத்த வரிசைக் கணக்கை இங்கே போட்டால், மணிக்கு 32 பேர் வரும்போது முறை வரும்வரை நிற்கும் நேரம் சராசரி 6 நிமிடம். 36 பேர் வந்தால் பதின்மூன்றரை. 38 பேர் வந்தால் இருபத்தெட்டரை. கூட வந்தவர்கள் இரண்டே பேர், காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல். "போன வாரம் நல்லாத்தான் போச்சு, இந்த வாரம் என்னாச்சுன்னு தெரியல" என்று கடைக்காரர்கள் புலம்புவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். அதே 38 பேர் வரட்டும், நீங்கள் 90 விநாடியை 75 ஆக்குங்கள். காத்திருப்பு இருபத்தெட்டரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆளுக்குப் பதினைந்து விநாடி மிச்சம் பிடித்ததற்குக் கிடைக்கும் கூலி அது. ஒரு எச்சரிக்கை: இவை நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடும் வரிசைக்கான சராசரிகள். ஒன்றரை மணி நேர ஞாயிற்றுக்கிழமை நெரிசலுக்கு எண்கள் அப்படியே பொருந்தாது, போக்கு பொருந்தும். ஒரு மணிக்கு நீங்கள் அனுப்புவதைவிட அதிகம் பேர் வந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், வரிசை வளர்ந்துகொண்டேதான் போகும்.

பதினைந்து விநாடியை எங்கே பிடிப்பது? பேச்சையும் பணத்தையும் கல்லாவிலிருந்து வரிசைக்குள் நகர்த்துங்கள். ஒரு ஆள் கையில் சீட்டுக் கட்டோடு வரிசையின் பின்பக்கம் வரை நடந்து, ஆர்டர் எழுதி, பணம் வாங்கி, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கட்டும். மட்டனுக்குச் சிவப்பு, சிக்கனுக்கு மஞ்சள் என்று சீட்டு நிறம் இருந்தால் கட்டுகிறவர் படிக்கவே வேண்டாம். க்யூஆர் அட்டை கல்லாவில் இருக்கக் கூடாது, முன்னாலிருந்து ஐந்தாவது ஆள் நிற்கும் இடத்துச் சுவரில் இருக்க வேண்டும். டவர் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் அப்போது வரிசையின் நேரத்தைத் தின்னாது. ரைத்தா, சால்னா பாக்கெட்டுகளைக் காலையிலேயே ஜோடி ஜோடியாகக் கவரில் போட்டு அடுக்கிவிடுங்கள். ரைத்தாவுக்கு மட்டும் ஐஸ் பெட்டி. இதெல்லாம் செய்தால் முன்னால் மிஞ்சுவது அள்ளுவதும் கட்டுவதும் கொடுப்பதும் மட்டும், 45 விநாடி. மணிக்கு 80 பேர்.

பணத்தை முன்கூட்டியே வாங்குவதில் இன்னொரு லாபம் உண்டு. சீட்டு கைக்கு வந்த நொடியில் அவருக்கு வேலை தொடங்கிவிட்டது. அதுவரை "என்னைக் கவனிப்பாங்களா" என்று நின்றவர் இப்போது "என்னுது வருது" என்று நிற்கிறார். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டால் சாதம் கால் மணி நேரம் தாமதமானாலும் யாரும் எழுந்து போவதில்லை. வெறும் மேசையில் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

ஆள் இரண்டு பேர் கட்டுகிறார்கள் என்றால் வரிசை ஒன்றா, இரண்டா? ஒன்றுதான். ஆளுக்கு 90 விநாடி, ஒவ்வொரு வரிசைக்கும் மணிக்கு 32 பேர் என்று இரண்டு தனி வரிசை வைத்தால் சராசரி 6 நிமிடம். அதே 64 பேரை ஒரே வரிசையில் விட்டு, முன்னால் நிற்பவர் காலியான ஆளிடம் போகட்டும் என்றால் 2 நிமிடம் 40 விநாடி. நேரத்தைவிட மனக்கசப்புதான் பெரிய வித்தியாசம். இரண்டு வரிசை இருந்தால் எல்லாருக்கும் பக்கத்து வரிசைதான் வேகமாகப் போவதாகத் தெரியும், தனக்குப் பின்னால் வந்தவன் முன்னால் வாங்கிப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும். ஒற்றை வரிசையில் ஒரு சிக்கல் உண்டு: நீளமாகத் தெரியும், புதிதாக வருகிறவர் தூரத்திலிருந்தே மிரண்டு போவார். அதனால் கடைவாசலுக்குள்ளேயே ஒரு மடிப்பு மடித்துவிடுங்கள். ரேஷன் கடையில் பெண்களுக்குத் தனி வரிசை வைத்து "ஆளுக்கு ஒண்ணு" என்று மாற்றி மாற்றி விடுவதும் நடக்கிற ஏற்பாடுதான். அந்த விகிதம் எல்லாருக்கும் தெரிந்த பழைய விதி என்பதால் சண்டை வருவதில்லை. ஆனால் உங்கள் கடையில் அப்படி வைத்தால், வீட்டுக்காரரைப் பைக்கில் உட்கார வைத்துவிட்டு அம்மாக்கள் ஆறு பார்சல் வாங்குவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது முறைக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள வரிசைக் கணக்கைவிடக் குடங்கள் உதவும்.

தண்ணீர் லாரி வரும் தெருவில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, பிளாஸ்டிக் குடங்கள் நிற்கின்றன. பச்சைக் குடம் இந்த வீடு, வாய் உடைந்த ஆரஞ்சுக் குடம் அந்த வீடு என்று தெருவுக்கே தெரியும். யாரும் எழுதி ஒட்டாத சட்டங்கள் அங்கே உண்டு. ஒரு சுற்றுக்கு வீட்டுக்கு இத்தனை குடம், மேலே வேண்டுமென்றால் கடைசியில் போய் வை. முறை வரும்போது ஆள் இல்லையா, குடத்தைத் தூக்கி எறியமாட்டார்கள், ஓரமாக நகர்த்திவிட்டு அடுத்ததைப் பிடிப்பார்கள், ஆள் வந்ததும் நடுவில் விடுவார்கள். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வந்தவளுக்கு முதலில் விடுவார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கால்பந்து டிக்கெட்டுக்கு இரவெல்லாம் நிற்கும் வரிசைகளைப் பற்றி லியோன் மான் என்பவர் 1969-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அங்கேயும் பெட்டியையோ மூட்டையையோ வைத்துவிட்டுப் போய் வரலாம், ரொம்ப நேரம் திரும்பாவிட்டால் இடம் போய்விடும். குடச் சட்டம்தான்.

இவ்வளவு ஒழுங்கான வரிசை எப்போது உடையும் தெரியுமா? லாரி வழக்கமான இடத்தில் நிற்காமல் தெருவின் மறு முனையில் போய் நிற்கும் நாளில். கடைசிக் குடம் முதல் குடம் ஆகிவிடுகிறது. காலை ஐந்து மணிக்குக் குடம் வைத்தவளுக்கு அந்த ஐந்து மணியே செல்லாமல் போகிறது. ஒரு நிமிடத்தில் மொத்த வரிசையும் ஓடும்.

உங்கள் கடையிலும் இது நடந்திருக்கும். கூட்டம் அதிகமானதும் "இந்தப் பக்கமும் வாங்க" என்று இரண்டாவது ஆள் ஓரத்தில் கட்டத் தொடங்கியிருப்பார். அங்கே முதலில் ஓடுவது யார்? கடைசியில் நிற்பவர். இருபது நிமிடம் நின்றவர் பார்த்துக்கொண்டே இருக்க, இப்போது வந்தவர் வாங்கிப் போவார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, ஆனால் வரிசை செத்துவிட்டது. இரண்டாவது ஆளைத் திறக்கும்போது அவர் வாயைத் திறக்கவே கூடாது. முதல் ஆள்தான் வரிசையின் தலையைப் பார்த்து "அடுத்து நிக்கிற அண்ணன் அந்தப் பக்கம் போங்க" என்று அனுப்ப வேண்டும்.

நடுவில் புகுகிறவர்களைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் குழு நியூயார்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆளைப் புகவிட்டுப் பார்த்து 1986-இல் வெளியிட்டது. ஒருவர் புகுந்தபோது 54 சதவீத வரிசைகளில்தான் ஏதாவது எதிர்ப்பு வந்தது. இருவர் சேர்ந்து புகுந்தபோது 91 சதவீதத்தில். எதிர்த்தவர்கள் பெரும்பாலும் புகுந்த இடத்துக்குப் பின்னால் நின்றவர்கள். நேர் பின்னால் நிற்பவர் சும்மா இருந்துவிட்டால் அவருக்கும் பின்னால் நிற்பவர்கள் வாயைத் திறக்கத் தயங்குவார்கள். நம் ஊரில் அந்த நேர் பின்னால் நிற்பவர் கேட்கும் கேள்வி எல்லாருக்கும் தெரியும்: "அண்ணே, அப்ப நாங்க என்ன வேலவெட்டி இல்லாமயா நிக்கிறோம்?" இந்தக் கேள்வியை வாடிக்கையாளர் கேட்கும் நிலைக்கு விட்டால் சண்டைதான். அதைக் கடைக்காரர் முந்திக்கொண்டு, மரியாதையாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்: "அண்ணே, லைன் அங்கிருந்து வருதுண்ணே." பன்னிரண்டரைக்கு ஒருமுறை சத்தமாகச் சொன்னால் இரண்டு மணி வரை அந்தக் குரல் நிற்கும்.

கடினமானது தெரிந்தவர்கள். "மாப்ள, ஒரே ஒரு பார்சல்தான்" என்று பக்கவாட்டில் வந்து நிற்பவர் சொந்தக்காரராக இருப்பார், எதிர்த்த வீட்டு மாமாவாக இருப்பார், இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருக்குக் கொடுங்கள், ஆனால் வரிசை பார்க்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். முந்தின நாள் இரவே சொல்லிவைக்கச் சொல்லி, பின்வாசல் வழியாகப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பிவிடுங்கள். டெலிவரி தம்பிகளுக்கும் அதே விதி. ஹெல்மெட்டோடு ஒருவர் வந்து போனைக் காட்டி நாலு கவரைத் தூக்கிப் போவதை இருபது பேர் பார்க்கிறார்கள். அவர் ஆர்டர் அரைமணி நேரத்துக்கு முந்தியதாக இருக்கலாம், அது வரிசைக்குத் தெரியாது. அவர்களுக்குத் தனிப் பக்கம், முடிந்தால் தனி தேக்சா.

கோயிலில் காசு கொடுத்து முந்திப் போவதைப் பொறுத்துக்கொள்கிறார்களே என்று கேட்கலாம். மீனாட்சியம்மன் கோயிலில் 50 ரூபாய், 100 ரூபாய்ச் சீட்டு வாங்கினால் சிறப்பு வழி. இலவச தரிசனத்தில் நிற்பவர் அதற்காகச் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் அந்தக் கவுண்டர் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, விலை எழுதியிருக்கிறது, வழி தனியாகத் தடுத்திருக்கிறது. வேண்டுமென்றால் நானும் வாங்கியிருக்கலாம் என்பது நிற்பவருக்குத் தெரியும். எந்தக் கோயிலிலும் முணுமுணுப்பு வருவது, இரண்டு வழியும் சன்னதிக்கு முன்னால் சேரும் இடத்திலும், யாரென்று தெரியாத ஒருவரை யாரோ கைபிடித்து உள்ளே கூட்டிப் போகும்போதும்தான். முதியவர், கைக்குழந்தைக்காரர் முன்னால் வரலாம் என்று கடைவாசலில் பெரிதாக எழுதிப் போடுங்கள். எழுதிப் போட்ட சலுகையை வரிசை தானே காப்பாற்றும், "பெரியவரு, முன்னால போங்க" என்று அவர்களே அனுப்புவார்கள்.

காரணம் சொல்வது எவ்வளவு வேலை செய்யும்? அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் ஜெராக்ஸ் மெஷினில் நிற்பவரிடம் போய் "ஐந்து பக்கம் இருக்கிறது, முன்னால் எடுத்துக்கொள்ளட்டுமா" என்று வெறுமனே கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். "அவசரம்" என்று காரணம் சேர்த்தபோது 94. "காப்பி எடுக்கணும், அதனால" என்ற அர்த்தமே இல்லாத காரணத்துக்கும் 93. இதை மட்டும் எடுத்துக்கொண்டு எந்தக் காரணமும் போதும் என்று பலர் சொல்லித் திரிகிறார்கள். அதே ஆய்வில் இருபது பக்கம் என்று கேட்டபோது வெறுமனே கேட்டவருக்கும் வெற்றுக் காரணம் சொன்னவருக்கும் 24 சதவீதம்தான், உண்மையான காரணம் சொன்னவருக்கு 42. சின்னத் தாமதத்துக்கு எதைச் சொன்னாலும் போதும், பெரிய தாமதத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்பது காரணமே இல்லை. "ரெண்டாவது தேக்சா தம்மில் இருக்கு, உடைக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும்" என்பது காரணம். அது பிரியாணிக்கு விளம்பரமும்கூட.

இரண்டாவது நம்பிக்கை, சரக்கு. ரயில்வே கவுண்டரில் தட்கல் வரிசை எவ்வளவு கொதிப்பாக இருக்கும் என்று பாருங்கள். ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொரு மணி என்று நேரம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் திறந்த சில நிமிடத்தில் இடம் போய்விடும் என்பதால் மூன்றாவது ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் நடுவில் ஒரு தீபாவளியே இருக்கிறது. அங்கே ஒருவர் புகுந்தால் பறிபோவது இரண்டு நிமிடமில்லை, ஊருக்குப் போகும் பயணம். சரக்கு தீரும் வரிசையில் ஒவ்வொரு இடமும் சொத்து. உங்கள் வரிசையில் "மட்டன் இருக்கா, தீர்ந்துருச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் அந்த நிமிடமே அது தட்கல் வரிசையாக மாறிவிட்டது என்று பொருள்.

எண்ணிக்கையை முன்பே போடுங்கள். ஒரு கிலோ சீரகச்சம்பாவுக்கு ஒரு கிலோ கறி என்று போட்டால், 400 கிராம் பார்சலுக்கு எட்டிலிருந்து பத்து வரை வரும். பத்துக் கிலோ தேக்சா என்றால் 80 நிச்சயம். 80 சீட்டு அடித்து வைத்து, 75 வரை மட்டும் கொடுங்கள். ஐந்து அடிப்பிடித்ததற்கும் அளவு தவறியதற்கும். அறுபதாவது சீட்டு போகும்போதே வரிசையின் வாலுக்குப் போய், "அண்ணே, இங்க வரைக்கும் மட்டன் உண்டு, இதுக்குப் பின்னால சிக்கன்தான்" என்று சொல்லிவிட வேண்டும். பின்னால் நிற்பவர் திட்டிவிட்டுப் போவார், அடுத்த வாரம் பன்னிரண்டு மணிக்கே வருவார். அதே ஆளை இருபது நிமிடம் நிற்க வைத்து முன்னால் வந்ததும் கையை விரித்தால் அடுத்த வாரம் வேறு கடை. ஒரு ஆளுக்கு அதிகபட்சம் நாலு பார்சல் என்று வரம்பும் வையுங்கள். "மாப்ள, எனக்கும் சேர்த்து ரெண்டு வாங்கிரு" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதுதான் நம் ஊரில் வரிசை உடையும் மிக அமைதியான வழி.

2021 பொங்கலுக்கு ரேஷன் கடையில் 2,500 ரூபாய் கொடுத்தபோது வீடு வீடாக டோக்கன் போனது. அதில் தேதியும் நேரமும் இருந்தது. உங்களுடைய பொருள் நிச்சயம் உண்டு, இந்த நேரத்தில் வாருங்கள் என்ற இரண்டையும் ஒரு துண்டுத்தாள் சொல்லிவிட்டது. நேரம் இல்லாத டோக்கன் வேறு சாதி. அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டுக்குக் காளைகள் முன்பதிவு செய்து டோக்கனோடு வருகின்றன. ஆனாலும் மாட்டுக்காரர்கள் இரவே வந்து பனியில் நிற்கிறார்கள், கயிற்றைப் பிடித்தபடி. டோக்கன் தகுதியைச் சொல்கிறது, வாடிவாசலுக்குள் எப்போது போகும் என்று சொல்வதில்லை. மாலையில் நேரம் முடிந்து அவிழ்க்கப்படாமலே திரும்பும் காளைகள் பல ஆண்டுகளில் உண்டு. அது தெரிந்தவர் எப்படித் தூங்குவார்?

ஆகவே சீட்டில் எண்ணோடு நேரத்தையும் எழுதுங்கள். கணக்கு சுலபம்: முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்தில் அனுப்பும் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இருபது பேர், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருவர், அரைமணி. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியும் இதற்கு உறவுதான்: எந்த வரிசைக்கும், உள்ளே இருப்பவர் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தை இருக்கும் நேரத்தால் பெருக்கியது. எழுதும்போது கொஞ்சம் கூட்டி எழுதுங்கள். பதினைந்து நிமிடம் என்றால் இருபது. இருபது சொல்லிப் பதினைந்தில் கொடுத்தால் சந்தோஷம், பத்து சொல்லிப் பதினைந்தில் கொடுத்தால் ஏமாற்று. கொடுத்த நேரம் ஒன்றுதான்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம். போகிறவர்கள் எங்கிருந்து போகிறார்கள் என்று முதலில் பாருங்கள். வந்து நின்ற இரண்டு நிமிடத்துக்குள் வாலிலிருந்தே போனால் வரிசையின் தோற்றம் மிரட்டுகிறது: மடிப்பு போடுங்கள், நேரப் பலகை வையுங்கள். நடுவிலிருந்து போனால் வரிசை நகரவில்லை: விநாடிகளைப் பிடியுங்கள். முன்னால் ஐந்தாறு பேர் இருக்கும்போது ஒருவர் போகிறார் என்றால் விஷயம் வேறு. அவ்வளவு நேரம் நின்றதைத் தூக்கி எறிந்துவிட்டுப் போக ஒரு காரணம் வேண்டும், பெரும்பாலும் யாரோ முந்தியிருப்பார்கள் அல்லது மட்டன் தீர்ந்திருக்கும்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வரிசை செல்லும் வழி இரண்டரை அடி அகலம் போதும். நாலு அடி இருந்தால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், யார் முன்னால் என்பது அங்கேயே குழம்பும். பழைய சினிமா தியேட்டர்களில் தரை டிக்கெட்டுக்கு ஒரு ஆள் மட்டும் நுழையும் கம்பிக் கூண்டு வைத்தது இதற்காகத்தான். மதுரைத் தங்கம் தியேட்டர் 1952-இல் திறந்தபோது 2,500-க்கு மேல் இருக்கை. அந்தக் காலக் கூட்டத்தைக் கூண்டு இல்லாமல் எந்தத் தியேட்டரும் சமாளித்திருக்க முடியாது. ஆனால் கூண்டில் மயங்கி விழுந்தால் வெளியே வர வழி கிடையாது. நீங்கள் சவுக்குக் கம்பும் கயிறும் கட்டினால் பத்தடிக்கு ஒரு திறப்பு விடுங்கள். ஆளுக்கு இரண்டடி இடம், முப்பது பேருக்கு அறுபது அடி, பக்கத்துக் கடை வாசலை அடைக்காமல் திருப்ப முடிகிறதா என்று சனிக்கிழமையே அடி வைத்துப் பாருங்கள். நிழல் கட்டாயம், சித்திரை வெயிலில் பச்சைத் துணி கட்டுவது இந்தப் பதிலில் உள்ள எல்லாவற்றையும்விட மலிவான சிகிச்சை. பைக்குகளைத் தலைப்பக்கம் நிறுத்த விடாதீர்கள். வண்டியில் உட்கார்ந்துகொண்டு "நான் அப்பவே வந்துட்டேன்" என்பவர் வரிசையிலும் இல்லை, வெளியிலும் இல்லை.

சித்ரா பௌர்ணமியன்று அழகர் இறங்குவதைப் பார்க்க வைகையில் இரவெல்லாம் லட்சக்கணக்கானவர்கள் நிற்பதை உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே காத்திருப்பதே திருவிழா. ஜிகர்தண்டாவுக்கு வெளியூரிலிருந்து வந்து நிற்பவருக்கும் அதில் துளி உண்டு: மதுரைக்கு வந்ததன் ஒரு பகுதி அது. ஞாயிறு மத்தியானம் வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்க, பார்சல் வாங்க வந்தவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவரால் முடிந்தது, தேக்சா திறக்கும்போது வரும் வாசனையை அனுபவிப்பது. அதனால் தேக்சாவை உள்ளறையில் ஒளிக்காமல் வரிசைக்குத் தெரியும்படி வையுங்கள், அள்ளுகிற கை தெரியட்டும். சும்மா நிற்கும் பையன் ஒருவன் கல்லாவுக்குப் பின்னால் போன் பார்த்துக்கொண்டிருந்தால் அவனையும் வரிசை பார்க்கும்.

நாற்காலி கேட்டிருந்தீர்கள். சீட்டு முறை இல்லாமல் நாற்காலி போட வேண்டாம். வரிசை நகரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கும், ஒருவர் எழ மறந்தால் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் வெளியாள் ஒருவர் வந்து உட்காருவார். காத்திருப்பு பத்து நிமிடத்துக்குள் என்றால் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு பெஞ்சு போதும். கால் மணி நேரத்தைத் தாண்டினால் எண் போட்ட சீட்டு, எதிர்ச் சுவரில் பைக்கிலிருந்தே தெரியும் அளவுக்கு ஓர் எண் பலகை, வேப்பமரத்தடியில் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. முறை வரப்போகும் மூன்று எண்களை முன்கூட்டியே கூப்பிடுங்கள், இல்லையென்றால் காது கேட்காது என்று எல்லாரும் கல்லாவைச் சுற்றி நிற்பார்கள். எண் தாண்டிப் போனவர் வந்தால் அடுத்த இரண்டு பேருக்குப் பிறகு கொடுங்கள், அந்த விதியைச் சீட்டின் பின்னாலேயே அச்சடித்துவிடுங்கள்.